‘புகார் மூடப்பட்டது’ என்றால் என்ன அர்த்தம்?

ஓட்டுவீட்டுக்காரன்: "விதிமீறிக் கட்டுகிறார்களா, உதவி எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று நேற்று இங்கே ஒரு மேதாவி எழுதியிருந்தார். நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து மனையில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும்தான் அனுமதி; மூன்றாவது மாடிக்கு சென்ட்ரிங் அடிக்கும்போது புகார் கொடுத்தேன். பதினோராம் நாள் குறுஞ்செய்தி, ‘புகார் மூடப்பட்டது’. அதைப் படிக்கும்போது மேலே கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள், சிமென்ட் பால் என் வீட்டு ஓட்டில் வழிகிறது.

சைட்_இன்ஜினியர்: அந்த மேதாவி நான்தான். மூடப்பட்டது என்றால் நோட்டீஸ் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். 1971ஆம் வருடத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில், விதிமீறிய கட்டுமானத்தை அகற்றவும் நிறுத்தவும் சொல்லும் 56, 57 பிரிவுகளைப் படித்துவிட்டு வாருங்கள். எடுத்த எடுப்பில் இடிக்க முடியாது. 15 நாள் நோட்டீஸ் இல்லாமல் இடிக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஓட்டுவீட்டுக்காரன்: 15 நாள் இடிப்பதற்குத்தானே, புகாரை மூடுவதற்கா? நோட்டீஸ் கொடுத்தால் ‘நோட்டீஸ் கொடுத்தோம்’ என்று அனுப்பட்டும். ஏன் ‘மூடப்பட்டது’?

மொட்டைமாடி: எங்கள் தெருவில் சீலே வைத்தார்கள் சார். முன் ஷட்டரில் அரக்கு அப்படியே இருக்கிறது, பின்பக்கப் படிக்கட்டு வழியாக டியூஷன் நடக்கிறது. கேட்டால் அதே சட்டத்தின் 80-ஏ பிரிவில் அரசுக்கு மேல்முறையீடு போட்டிருக்கிறாராம்.

சைட்_இன்ஜினியர்: டியூஷன் பிள்ளைகளுக்கும் நான்தான் பொறுப்பா?

ராணி_அக்கா: அதே சட்டத்தில் 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டியது என்று 113-ஏ பிரிவு, அப்புறம் 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியது என்று 113-சி பிரிவு. பணம் கட்டினால் விதிமீறிய கட்டடத்துக்கும் வரன்முறை என்று இரண்டு தடவை ஆசை காட்டியாயிற்று, எவன் பிளானைப் பார்த்துக் கட்டுவான்?

ஓட்டுவீட்டுக்காரன்: அக்கா, அது தனிக் கதை, இழையைத் திருப்பாதீர்கள். எனக்கு ‘மூடப்பட்டது’க்குப் பதில் வேண்டும்.

ராணி_அக்கா: நீங்கள் பேசினால் மட்டும் விஷயம், நாங்கள் பேசினால் திருப்புவதா? மழைநீர் வடிகால் இழையிலும் இப்படித்தான் வாயை அடைத்தீர்கள்.

சைட்_இன்ஜினியர்: அதே வடிகால் இழையில் இவர் போட்ட படத்தைப் பாருங்கள். இவர் வீட்டு வாசல் சாய்தளம் நடைபாதையில் பாதியைத் தின்றுவிட்டு நிற்கிறது.

ஓட்டுவீட்டுக்காரன்: அது என் தாத்தா போட்டது! அப்போது நடைபாதையே கிடையாது. தைரியம் இருந்தால் புகார் கொடுங்கள்.

சைட்_இன்ஜினியர்: கொடுத்தாயிற்று. எண்ணும் வந்துவிட்டது.

ஓட்டுவீட்டுக்காரன்: எண் எனக்கும்தான் வந்தது. மூடப்பட்டது என்றால் என்ன என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.