தூத்துக்குடியில் மூன்று மாதங்களுக்கு மட்டும் வீடு வாடகைக்குக் கிடைக்குமா?

குன்னூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள், குன்னூரில் வசிக்கிறோம். மார்கழி, தை மாதக் குளிர் மனைவியின் மூட்டுகளுக்குச் சற்றும் ஒத்துக்கொள்வதில்லை என்பதால், வரும் ஜனவரி தொடங்கி மார்ச் முடியும் வரை வெயில் காயும் ஊர் ஒன்றில் தங்கிவிட்டு வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மனைவியின் தங்கை தூத்துக்குடியில் இருக்கிறார். அவர் வீட்டிலேயே தங்கச் சொல்லி வற்புறுத்துகிறார் என்றாலும், மூன்று மாதம் ஒருவர் வீட்டில் விருந்தாளியாக இருப்பது இரு தரப்புக்கும் நல்லதல்ல. மனைவிக்கு உப்புக் குறைத்த சமையல் வேண்டும் என்பதால் விடுதி அறையும் எங்களுக்குப் பயன்படாது. (உப்பு விளையும் ஊருக்கே உப்புக் குறைத்துச் சாப்பிட வருகிறோம்.)

இணையத்தில் பார்த்து ஏழெட்டு வீட்டுக்காரர்களிடம் பேசினேன். பதினோரு மாத ஒப்பந்தத்துக்குக் குறைந்து தருவதில்லை என்றுதான் அனைவரும் சொன்னார்கள். இரண்டு அறையும் சமையலறையும் உள்ள வீடு, தரைத்தளத்தில் அல்லது லிஃப்ட் வசதியுடன், குறுகிய காலத்துக்குக் கிடைக்க வழி உண்டா? எந்தப் பகுதியில் தேடலாம், எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முத்துநகரான்:

வணக்கம் அண்ணாச்சி. நீங்கள் இணையத்தில் தேடியதுதான் பிழை. கட்டில், குளிர்சாதனம், அடுப்பு எல்லாம் போட்டு மாதக்கணக்கில் விடும் வீடுகள் இங்கு உண்டு. ஆனால் அவை துறைமுகத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் ஒப்பந்த வேலைக்கு வருகிறவர்களை நம்பி நடப்பவை. ஒருவர் காலி செய்யும் முன்பே அடுத்தவருக்குக் கைமாறிவிடும் என்பதால் அவற்றுக்கு யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. உள்ளூர் வீட்டுத் தரகர் ஒருவரைப் பிடித்து, 'கம்பெனி ஆட்கள் தங்கும் வீடு' என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார். தரகுக் கூலியாக ஒரு மாத வாடகை கேட்பார்கள். மூன்று மாதத்துக்கு அது அநியாயம், பாதிக்குப் பேசி முடியுங்கள்.

மில்லர்புரம், சிதம்பர நகர், டூவிபுரம், பிரையண்ட் நகர் ஆகிய இடங்களில் தேடுங்கள். கடையும் மருத்துவரும் பக்கத்திலேயே இருப்பார்கள். முத்தையாபுரம், ஸ்பிக் நகர்ப் பக்கம் வாடகை குறைவு என்று சொல்வார்கள். ஆனால் அவை ஊருக்குத் தெற்கே தள்ளி இருப்பதால் வயதானவர்களுக்கு அலைச்சல் மிகுதி.

வீட்டைப் பார்க்கப் போகும்போது முதலில் குழாயைத் திறந்து ஒரு வாய் நீரைச் சுவைத்துப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் பல தெருக்களில் உப்பாக இருக்கும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. மாநகராட்சி தரும் தாமிரபரணித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, அதைப் பிடித்து வைக்கத் தனித் தொட்டி இருக்கிறதா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடப் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேட்பதே மேல்.

ஒப்பந்தப் பொறியாளர்:

நான் வேலை நிமித்தம் எட்டு மாதம் அங்கே குடும்பத்துடன் இருந்தவன். 'மூன்று மாதம்' என்று தொடங்கினாலே வீட்டுக்காரர்கள் மறுத்துவிடுவார்கள். 'மூன்று மாத வாடகையையும் மொத்தமாக முன்கூட்டியே தருகிறேன், முன்பணம் ஒரு மாதம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்' என்று பேசிப் பாருங்கள். எங்களுக்கு அப்படித்தான் கதவு திறந்தது.

ஆனால் எழுத்தில் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, எவ்வளவு குறுகிய காலமானாலும் எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. நாங்கள் காலி செய்தபோது, எட்டு மாதமே குடியிருந்த வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று சொல்லி முன்பணத்தில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளை அடிக்கும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பணம் போயிருக்காது. நுழையும் நாளிலேயே சுவர், கதவு, கட்டில், குளிர்சாதனப் பெட்டி அனைத்தையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள்.

மின்கட்டணமும் அப்படித்தான். கணக்கெடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், மூன்று மாதம் குடியிருப்பவருடைய கணக்கு எப்படியும் நடுவில் முறியும். உள்ளே வரும் நாளிலும் வெளியேறும் நாளிலும் மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் தாமாகவே ஒரு விலை சொன்னால், வீடுகளுக்கு அரசு தரும் இலவச மின்சாரம் யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் பேச்சு இறங்கிவரும். சமையலுக்குப் புது எரிவாயு இணைப்பு தேவையில்லை. அடையாள அட்டை காட்டினால் 5 கிலோ சிறிய சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமலே கிடைக்கும். இரண்டு பேருக்கு அது போதும்.

உப்புக்காற்று:

தரைத்தளம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த ஊர் மறக்காது. பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. எங்கள் தெருவில் தரைத்தளத்தில் இருந்தவர்கள் மாடி வீட்டுக்காரர்களின் தயவில்தான் நாட்களைக் கடத்தினார்கள். நான் யாருக்கும் தரைத்தளம் பரிந்துரைப்பதில்லை.

முத்துநகரான்:

அந்த அச்சம் நியாயமானதே என்றாலும், இவர் வருவது ஜனவரியில். வடகிழக்குப் பருவமழை அதற்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். மூட்டுவலிக்காரரை மாடிப்படி ஏறச் சொல்வது அதைவிடப் பெரிய சிரமம். லிஃப்ட் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு கிடைத்தால் நல்லதுதான். அதிலும் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீடும் மேற்குப் பார்த்த வீடும் வேண்டாம், மார்ச் மாதத்தில் இரவெல்லாம் சுவர் அனலைக் கக்கும்.

தரைத்தளம்தான் என்றால், வெள்ளத்தைவிட நீங்கள் பார்க்க வேண்டியது ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். முந்தைய மாதங்களின் மழைநீர் தெருவில் தேங்கியிருந்தால் சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும். புதிதாக வண்ணம் பூசி மறைத்திருந்தாலும் அலமாரியின் பின்புறம் கையை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரிந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் தங்குவதற்கு அம்மா குன்னூரிலேயே இருந்துவிடலாம்.

குன்னூர்வாசி:

அனைவருக்கும் நன்றி. ஓதம் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. டிசம்பர் கடைசி வாரம் நான் மட்டும் முன்னதாக வந்து, மைத்துனி வீட்டில் நான்கு நாள் தங்கி நேரில் பார்த்து முடிக்கலாம் என்றிருக்கிறேன். அந்த வாரத்தில் தரகர்கள் கிடைப்பார்களா?

முத்துநகரான்:

கிறிஸ்துமஸும் புத்தாண்டும் சேர்ந்து வருவதால் அந்த வாரத்தில் இங்கு யாரையும் வேலைக்குப் பிடிப்பது கடினம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் வீடு திரும்பியிருப்பார்கள். டிசம்பர் பத்து தேதிக்குள் வந்துவிடுங்கள். மழை நிற்காத நாளாக இருந்தால் இன்னும் நல்லது, எந்தத் தெருவில் தண்ணீர் தேங்குகிறது என்பதை யாரையும் கேட்காமல் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.