பனிப்புயல் ஓய்ந்தாச்சு, இனிமேல் எதற்குப் பயப்பட வேண்டும்?

பட்டர்வொர்த் சித்தி:
அக்கா மகன் அமெரிக்காவில், பஃபலோவில் படிக்கிறான், கூட்டாளிகளோடு ஒரு வாடகை வீடு. புயல் போய்விட்டது, ஆனால் கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறதாம், கதவைத் திறந்தால் இடுப்பளவு பனி. அக்கா இங்கே பினாங்கில், ஆயர் ஈத்தாமில் உட்கார்ந்துகொண்டு ஓயாமல் போன் அடிக்கிறார். நமக்குத் தெரிந்தது வெள்ளம்தான், 2017 நவம்பரில் சேறு அள்ளினோம், ஊறிப்போன மெத்தையைத் தெருவில் போட்டோம். பனிக்கு என்ன செய்யச் சொல்வது? காடியை (காரை) ஸ்டார்ட் பண்ணி உள்ளே உட்கார்ந்து போனுக்கு சார்ஜ் ஏற்றுகிறேன் என்கிறான், பரவாயில்லையா?

செந்தூல் அண்ணே (முன்பு டொரொண்டோ):
தங்கச்சி, முதலில் அந்தக் காடியை நிறுத்தச் சொல்லுங்கள். பின்னால் புகைக்குழாய் பனியில் புதைந்திருந்தால் புகை காடிக்குள்தான் ஏறும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தலை வலிக்கும், தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அப்படியே தூங்கினவர்கள் எழுந்திருப்பதில்லை. வீட்டு ஹீட்டர் கேஸில் ஓடுகிறதென்றால் அதன் புகைக்குழாய் வெளிச்சுவரில் தாழ்வாக இருக்கலாம், அதையும் பனி மூடியிருக்கிறதா என்று இப்போதே போய்ப் பார்க்கட்டும். 2021 பிப்ரவரியில் டெக்சஸில் கரண்ட் போனபோது குளிர் தாங்காமல் வீட்டுக்குள்ளேயே கரி அடுப்பு மூட்டிச் செத்தவர்கள் உண்டு.

பிரிக்பீல்ட்ஸ் மிஸ்ஸி (நர்ஸ்):
அண்ணே சொன்னதோடு இன்னொன்று. பனி வாருவது லேசான வேலை இல்லை, ஈரப்பனி மண்ணு மாதிரி கனக்கும், குளிரில் ரத்தக்குழாய் வேறு சுருங்கிவிடும். 2022 கிறிஸ்மஸ் சமயத்தில் இதே பஃபலோ வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள், வழியில் காடிக்குள் மாட்டியவர்கள், வீட்டில் சூடில்லாமல் போனவர்கள், கூடவே பனி வாரும்போது நெஞ்சடைத்தவர்களும். பையனுக்கு இளவயசு, பக்கத்து வீட்டில் வயசானவர் இருந்தால் அவர் வாசலையும் இவனே வாரிக் கொடுக்கட்டும்.

ஜெலுத்தோங் தம்பி:
வெள்ளத்துக்கு முன்னால் பனியெல்லாம் ஒன்றுமே இல்லை லா, உருகினால் போச்சு.

செந்தூல் அண்ணே:
தம்பி, உருகும்போதுதான் அங்கே வீட்டுக்கு அடியில் இருக்கிற நிலவறைக்குள் தண்ணீர் வரும். வாரின பனியைச் சுவரோரமாகக் குவிக்காமல் தள்ளிப் போடணும். அதுவரைக்கும் ராத்திரியில் பைப்பைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வைக்கணும், உள்ளே தண்ணீர் உறைந்தால் குழாய் வெடித்துவிடும்.

பட்டர்வொர்த் சித்தி:
போய்ப் பார்த்தானாம் அண்ணே, அந்தப் புகைக்குழாய் பாதி மூடித்தான் இருந்திருக்கிறது, தோண்டிவிட்டான். வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரர் போனையே எடுக்கவில்லை. மாரடைப்பு விஷயத்தை அக்காவிடம் நான் மூச்சு விடவில்லை. பிரிட்ஜில் இருக்கிற கோழியை வெளியே பனியில் புதைத்து வைக்கட்டுமா என்று கேட்கிறான்.

பிரிக்பீல்ட்ஸ் மிஸ்ஸி:
வேண்டாம் அக்கா, வெயில் பட்டால் இளகிவிடும், அணிலோ நாயோ வந்து இழுத்துவிடும். டப்பாவில் தண்ணீர் ஊற்றி வெளியே வைக்கச் சொல்லுங்கள், கட்டியானதும் எடுத்து வந்து பிரிட்ஜுக்குள் வைக்கட்டும். கரண்ட் இல்லாமல் பிரிட்ஜ் 4 மணி நேரம் தாண்டியிருந்தால் அந்தக் கோழியை யோசிக்காமல் தூக்கிப் போடட்டும்.