சாசேஜ் ரெலிக்: ரேடியோவில் மாக் 4.6, எக்ஸ் கதிரில் 2.7. எதை நம்புவது?

கேள்வி (அலைமுகம்):
சிசா ஜே2242.8+5301 கேலக்ஸிக் கொத்தின் வடக்கு ரெலிக் ('சாசேஜ்') பற்றிய கேள்வி. ரெலிக் என்பது கொத்துகள் மோதும்போது எழும் அதிர்ச்சி அலை எலக்ட்ரான்களை முடுக்குவதால் ரேடியோவில் ஒளிரும் நீண்ட வளைவு. சிவப்புப்பெயர்ச்சி 0.192, நீளம் ஏறக்குறைய 2 மெகாபார்செக். வான் வீரன் குழு 2010-இல் இதன் வெளிவிளிம்பில் ஸ்பெக்ட்ரல் இன்டெக்ஸ் (அதிர்வெண் ஏற ஏற ஒளிர்வு எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்ற எண்; விரைவாகக் குறைந்தால் 'செங்குத்து', மெதுவாக என்றால் 'தட்டை') −0.6 என்று அளந்தது. அதிலிருந்து மாக் எண் (அலையின் வேகம் ஒலியின் வேகத்தைப் போல் எத்தனை மடங்கு) 4.6 வந்தது. சுசாகு எக்ஸ் கதிர் விண்கலம் அலையின் இரு பக்கத்துக்கும் இடையே கண்ட வெப்பநிலைத் தாவலோ 2.7-தான் தருகிறது. ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் பேண்ட் 3, பேண்ட் 4 தரவிலிருந்து விளிம்பின் இன்டெக்ஸை எடுத்தால், பீமை (படத்தில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறு அளவை) மாற்றும்போதெல்லாம் விடையும் மாறுகிறது. பிழை எந்தப் படியில் நுழைகிறது?

பதில் 1 (வடதிசை):
முதலில் சூத்திரத்தின் குணத்தைப் பாருங்கள். விளிம்பின் இன்டெக்ஸ் (குறியை விட்டுவிட்டு) 'அ' என்றால், மாக் எண்ணின் வர்க்கம் = (2அ + 3) / (2அ − 1). அ = 0.6 என்றால் 4.6; அ = 0.81 என்றால் 2.7. இன்டெக்ஸ் 0.2 நகர்ந்ததும் மாக் எண் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. லோஃபார் (தாழ் அதிர்வெண் ரேடியோ தொலைநோக்கி) தரவைச் சேர்த்து 2017-இல் வந்த ஆய்வு இதே ரெலிக்கின் விளிம்பில் −0.81-தான் கண்டது. ஆக, நீங்கள் சொல்லும் முரண்பாட்டின் பெரும்பகுதி அளவீட்டிலேயே கரைந்துவிடுகிறது.

அடுத்தது, உங்கள் இரண்டு பேண்டுகள். 400, 650 மெகாஹெர்ட்ஸ் இரண்டிலும் ஃபிளக்ஸ் (வந்துசேரும் ஒளிர்வு) அளவுகோலில் 10% பிழை என்று வையுங்கள். இன்டெக்ஸின் பிழை 0.141-ஐ அதிர்வெண் விகிதத்தின் இயல்மடக்கையால் (0.486) வகுத்தது, அதாவது 0.29. இந்தப் பிழையோடு மாக் எண் சொல்லவே முடியாது. லோஃபாரின் 144 மெகாஹெர்ட்ஸையும் 1.4 கிகாஹெர்ட்ஸையும் சேர்த்தால் அதே 10% பிழை 0.06-ஆகச் சுருங்கும். எல்லாப் படங்களும் ஒரே ஃபிளக்ஸ் அளவுகோலில் இருப்பது கட்டாயம். ஒரு படத்துக்கு ஸ்கெய்ஃப்-ஹீல்ட், இன்னொன்றுக்குப் பெர்லி-பட்லர் என்று இரு அளவுகோல்களைக் கலந்தால், சில சதவீத வேறுபாடு சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

பதில் 2 (குறுக்கீட்டுமானி):
பீம் விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தொலைவில் 1 விகலை (பாகையின் 3,600-இல் ஒரு பங்கு) என்பது 3.2 கிலோபார்செக். அதிர்ச்சி அலையைத் தாண்டிய பிளாஸ்மா வினாடிக்கு 1,000 கி.மீ. அளவில் பின்னோக்கி ஓடுகிறது. அதாவது 10 லட்சம் ஆண்டுக்கு ஒரு கிலோபார்செக். காந்தப்புலம் 2 மைக்ரோகாஸ் என்று கொண்டால், 610 மெகாஹெர்ட்ஸில் ஒளிரும் எலக்ட்ரான்களின் ஆயுள் ஏறக்குறைய 6.5 கோடி ஆண்டு. (பெருவெடிப்பின் நுண்ணலைப் பின்னணியோடு மோதித்தான் அவை ஆற்றலில் பெரும்பகுதியை இழக்கின்றன, இந்தச் சிவப்புப்பெயர்ச்சியில் அது 4.6 மைக்ரோகாஸ் புலத்துக்குச் சமம்.) 25 விகலை பீம் 80 கிலோபார்செக்கை விழுங்கிவிடும். புதிதாக முடுக்கப்பட்டவையும் கிழடானவையும் ஒரே பிக்சலில் கலக்க, விளிம்பு உள்ளதைவிடச் செங்குத்தாகத் தெரியும்.

நான் பரிந்துரைக்கும் வரிசை: எல்லாத் தரவிலும் 200 அலைநீளத்துக்குக் குறைவான அடிக்கோடுகளை (ஆன்டெனா ஜோடிகளுக்கு இடையிலான தூரங்களை) வெட்டுங்கள், அப்போதும் 17 கலை (1 கலை = 60 விகலை) வரையான அமைப்பு தப்பும், ரெலிக் 10 கலைதான். சீரான எடையிடலில் (குறுகிய அடிக்கோடுகள் ஆதிக்கம் செலுத்தாதபடி) படமாக்கி, எல்லாவற்றையும் ஒரே வட்டப் பீமுக்கு, 8 முதல் 10 விகலைக்குள், மழுக்குங்கள். பிறகு இடப்பிழை. அயனிமண்டலம் தாழ் அதிர்வெண் படத்தை ஓரிரு விகலை நகர்த்தியிருக்கும். விளிம்புக்குக் குறுக்கே அந்தச் சிறு நகர்வு போதும், பொய்யான தட்டை இன்டெக்ஸைக் காட்ட. சுற்றியுள்ள புள்ளி மூலங்களை வைத்து ஒட்டிப் பாருங்கள்.

பலரும் தவறுவது 3 சிக்மா வெட்டில் (இரைச்சலின் 3 மடங்குக்குக் கீழுள்ள பிக்சல்களை விட்டுவிடுவதில்). செங்குத்தான பகுதி உயர் அதிர்வெண்ணில் வெட்டுக்குக் கீழே போய்க் காணாமல்போகும். மிஞ்சுவது தட்டையானது மட்டும். பிக்சல் வரைபடத்தை நம்பாமல், ரெலிக்கின் வளைவுக்கு இணையாக ஒரு பீம் அகலப் பட்டைகள் வெட்டி, பட்டையின் மொத்த ஃபிளக்ஸை எடுங்கள். ரெலிக்கை ஒட்டியுள்ள ரேடியோ கேலக்ஸிகளை நீண்ட அடிக்கோட்டு மாதிரியால் கழிக்கும்போது முகமூடியை (எந்தப் பகுதியைக் கழிப்பது என்ற எல்லையை) கையால் போடுங்கள். தானியங்கி முகமூடி ரெலிக்கின் கூரிய விளிம்பையும் சேர்த்துக் கழித்துவிடும்.

அலைமுகம்:
விளிம்பைப் பிரிக்காமல், ரெலிக் முழுவதுக்குமான மொத்த இன்டெக்ஸிலிருந்து (குறியை விட்டுவிட்டு) 0.5 கழித்து, அதையே விளிம்பின் இன்டெக்ஸாகப் பயன்படுத்தலாமா?

பதில் 2 (குறுக்கீட்டுமானி):
அலை நிலையான வேகத்தில் போய், காந்தப்புலமும் மாறாமல் இருந்தால்தான் அந்த 0.5 சரி. விரியும் கோள அலைக்குப் பொருந்தாது. தவிர மொத்த இன்டெக்ஸ் 1.15 ± 0.05 என்றால் மாக் 3.3 முதல் 4.6 வரை எங்கும் இருக்கலாம். மேற்கோளாகக் காட்டலாம், அதன்மேல் வாதம் கட்டாதீர்கள்.

பதில் 3 (வெப்பத்தாவல்):
எக்ஸ் கதிர் எண்ணையும் அப்படியே விழுங்க வேண்டாம். இந்தக் கொத்து பால்வழித் தளத்துக்கு அருகில் இருப்பதால் உறிஞ்சல் அதிகம். சுசாகுவின் பார்வைக் கூர்மை 2 கலை அளவுதான். இங்கே அது 380 கிலோபார்செக். தாவலின் இரு பக்கமும் கலந்தால் மாக் குறைந்தே தெரியும். அடர்த்தித் தாவலை நாடுவதிலும் பெரிய பயனில்லை: மாக் 2.7-க்கு 2.8 மடங்கு, 4.6-க்கு 3.5 மடங்கு, எவ்வளவு ஏறினாலும் 4-ஐத் தாண்டாது. வெப்பநிலை 3.1 மடங்கா 7.5 மடங்கா என்பதில்தான் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

ஆனால் அளவீட்டைச் சரிசெய்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். இன்னொரு கொத்திலுள்ள டூத்பிரஷ் ரெலிக்கில் மொத்த இன்டெக்ஸ் −1.16, அதாவது மாக் 3.7. எக்ஸ் கதிரிலோ 1.5 அளவே. மாக் 1.5 அலை உண்டாக்க வேண்டிய மொத்த இன்டெக்ஸ் −2.6! எந்த பீம் பிழையும் இந்தப் பள்ளத்தை நிரப்பாது. ஒரே அலைமுகத்தில் மாக் எண் இடத்துக்கு இடம் மாறுகிறது. ரேடியோ ஒளி வலுவான திட்டுகளிலிருந்தே பெரும்பாலும் வருகிறது, எக்ஸ் கதிர் சராசரியைக் காட்டுகிறது என்று உருவகக் கணிப்புகள் சொல்கின்றன. பழைய எலக்ட்ரான்கள் மறுபடி முடுக்கப்படுவது இன்னொரு வழி. ஏபெல் 3411-3412 கொத்தில் ஒரு ரேடியோ கேலக்ஸியின் வால் நேரே ரெலிக்கோடு போய்ச் சேருவதை 2017-இல் காட்டினார்கள். சாசேஜில் 2.7-உம் 2.7-உம் ஒத்துப்போவதை வைத்து மற்ற ரெலிக்குகளுக்கும் அதே கணக்கைப் போட்டுவிடாதீர்கள்.