கோத்தகிரி சரிவில் வீடு: தடுப்புச் சுவருக்கு உண்மையிலேயே 60 நாள் ஃப்ளோட் இருக்கிறதா?

சரிவுநிலம்:
கோத்தகிரியில் சரிவை வெட்டிக் கட்டும் தரைத்தள வீடு. ஜூலை 1 தொடக்கம், வாரத்துக்கு 6 வேலைநாள். மண்வெட்டு 8 நாள். அது முடிந்ததும் கல் தடுப்புச் சுவர் 20, அஸ்திவாரம் 18, இரண்டும் சேர்ந்தே தொடங்கும். அஸ்திவாரத்துக்குப் பின் வீட்டுச் சுவர் 16, கூரை சென்ட்ரிங்-கம்பி-கான்கிரீட் 12, கூரையைத் தாங்கும் முட்டு பிரிக்கும்வரை 14, வயரிங் குழாய் 5, உள்பூச்சு 15, டைல்ஸ் 10, பெயின்ட் 12. வெளிப்பூச்சு 10 நாள்: முட்டு பிரித்து, தடுப்புச் சுவரும் முடிந்த பிறகு தொடங்கி, பெயின்டுக்கு முன் முடிய வேண்டும்.

கிரிட்டிகல் பாத் (ஒன்றன்பின் ஒன்றாக வரும் வேலைகளின் மிக நீண்ட சங்கிலி) போட்டால் மொத்தம் 110 வேலைநாள் வருகிறது. தடுப்புச் சுவருக்கு 60 நாள் ஃப்ளோட் (மொத்த நாள் கூடாமல் தள்ளிப்போடக்கூடிய அவகாசம்) காட்டுகிறது. கல் கொத்தனார் குழு ஒன்றுதான் உள்ளது. அவர்களை முதலில் அஸ்திவாரத்தில் இறக்கிவிட்டுத் தடுப்புச் சுவரைத் தள்ளி வைக்கலாமா?

குன்னூர்மேஸ்திரி:
தள்ளவே கூடாதுங்க தம்பி. அந்த 60 நாளையும் செலவு பண்ணினா சுவர் முடியிறது 88-ஆவது வேலைநாள். ஜூலை 1-ல இருந்து எண்ணிப் பாருங்க, அக்டோபர் 10, 11 பக்கம் வருது. கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்கு மழைதான் பெருசு. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்கு மழைதான் சரிவை உடைக்கும். 2009 நவம்பர் மண்சரிவை இந்தப் பக்கம் யாரும் மறக்கலை. வெட்டுமுகத்தைத் திறந்து போட்டுட்டு அக்டோபருக்குள்ள போறது தப்பு.

ஒரு கான்ட் சார்ட்டை (ஒவ்வொரு வேலையையும் தேதிக்கு எதிரா ஒரு பட்டையாக் காட்டுற படம்) வரைஞ்சு, அக்டோபர்-டிசம்பரைச் சிவப்பாத் தீட்டி சைட்ல ஒட்டுங்க. சுவரோட பட்டை அந்தச் சிவப்பைத் தொட்டா எல்லார் கண்ணுக்கும் தெரியும். எந்த வேலைக்கு அப்புறம் எதுன்னு இணைச்சுப் போடுற நெட்வொர்க் கணக்கே இதுக்குத் தேவையில்லை.

ஃப்ளோட்சீரோ:
அண்ணே, முடிவை ஒப்புக்கொள்கிறேன், காரணத்தை அல்ல. கணக்கு பொய் சொல்லவில்லை. சரிவுநிலம் கொடுத்த இணைப்புகளில் தடுப்புச் சுவருக்குப் பின்னால் வருவது வெளிப்பூச்சு மட்டும்தான். வெளிப்பூச்சு கடைசியாகத் தொடங்கக்கூடிய நாள் 88. சுவர் சீக்கிரமே முடிந்தால் 28. வித்தியாசம் 60. விடுபட்டவை இரண்டு.

முதலாவது, அஸ்திவாரக் குழி வெட்டுமுகத்தின் அடியில்தான் தோண்டப்படுகிறது. சுவர் இல்லாமல் அங்கே ஆளை இறக்க முடியாது. சுவர் எழுந்த பிறகும் அதன் அடிமானத்தை ஒட்டிக் குழி போகக்கூடாது. ஆகவே சுவர் முடிந்துதான் அஸ்திவாரம். இரண்டாவது, குழு ஒன்றே என்பதால் இரண்டு வேலையும் சேர்ந்து நடக்கவே வழியில்லை. கிரிட்டிகல் பாத் முறை ஆள்பலத்தைத் தானாகப் பார்க்காது, நாம்தான் சேர்க்க வேண்டும்.

இதைச் சேர்த்தால் மொத்தம் 130 வேலைநாள். சுவரின் ஃப்ளோட் பூஜ்யம்.

குன்னூர்மேஸ்திரி:
சார், நீங்க சொல்றதுலயே என் பதில் இருக்கு. அந்த இணைப்பை வரையச் சொன்னது சாப்ட்வேர் இல்லை, சரிவு தெரிஞ்ச ஆளு. இந்த கிரிட்டிகல் பாத் முறை 1957-ல டூபான்ட் கம்பெனியோட ரசாயன ஆலைகளுக்காக உருவானது. அங்க வேலையோட வரிசையும் நாளும் முன்னாடியே தெரியும். இங்க ரெண்டு நாள் மழை பெஞ்சா மண்வெட்டு எட்டு நாளா இருக்காது.

ஃப்ளோட்சீரோ:
அப்படி நாள் மாறும்போதுதான் நெட்வொர்க் வேண்டும். மண்வெட்டு 8 நாள் 12 ஆனால் கூரை எந்தத் தேதிக்குப் போகும் என்று பட்டை சார்ட்டில் எல்லாப் பட்டையையும் கையால் நகர்த்திப் பார்க்க வேண்டும். இங்கே கூரை கான்கிரீட் 74-ஆவது வேலைநாளில், செப்டம்பர் 25 வாக்கில் முடிகிறது. நான்கு நாள் தாமதம் அதை செப்டம்பர் 30-க்குத் தள்ளும். மழைக்கு முன் மிச்சமிருப்பது அவ்வளவுதான்.

கம்பிஜல்லி:
இருவரும் தொடாத ஒன்று, அந்த 14 நாள். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456-இன்படி 6 மீட்டர் வரையிலான பீமுக்கு முட்டு 14 நாள், 4.5 மீட்டர் வரையிலான ஸ்லாபுக்கு 7 நாள். ஆனால் அந்த எண்கள் சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டுக்கும், வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கும்தான். மலை இரவில் 15-க்குக் கீழே போவது சாதாரணம். கடையில் பெரும்பாலும் கிடைப்பதோ பிபிசி (போஸோலானா கலந்த) சிமென்ட். அதற்கு நீராற்றலே குறைந்தது 10 நாள் என்கிறது அதே விதி. சமவெளிக் கணக்கை எடுத்து முட்டைப் பிரித்தால் பீம் தொய்யும், அடியில் விரிசல் விழும். 14-ஐ 21 ஆக்குங்கள். கட்டமைப்புப் பொறியாளர் கியூப் சோதனை (கான்கிரீட் கட்டியை நசுக்கி வலிமை பார்ப்பது) முடிவைப் பார்த்துச் சம்மதித்தால் மட்டும் குறையுங்கள்.

இன்னொன்று, முட்டு நாட்களை வாரம் 7 நாள் காலண்டரில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் கான்கிரீட் இறுகும். 6 நாள் காலண்டரில் 14 என்று போட்டால் உண்மையில் 16 நாள் ஆகிவிடும்.

சரிவுநிலம்:
சுவரை முன்னுக்குக் கொண்டுவருகிறேன். ஆனால் அப்போது வெளிப்பூச்சு அக்டோபர் நடுவில் விழுகிறதே?

ஃப்ளோட்சீரோ:
அதை மழையில் செய்யாதீர்கள். பூச்சு கழுவிப்போகும். வெளிப்பூச்சுக்குத் தனிக் காலண்டர் கொடுத்து அக்டோபர்-டிசம்பரை விடுமுறையாகக் குறியுங்கள். ஜனவரிக்குப் போய்விடும். பெயின்டை உள், வெளி என்று இரண்டாகப் பிரிக்கவும். இல்லாவிட்டால் வெளிப்பூச்சு உள்பெயின்டையும் ஜனவரிக்கு இழுத்துவிடும்.

மண்வெட்டு முழுவதும் முடியும்வரை சுவர் காத்திருக்கவும் வேண்டாம். சுமார் 3 மீட்டர் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று வெட்டி, அங்கங்கே சுவரை எழுப்பினால் திறந்திருக்கும் முகம் குறையும். வீப் ஹோலும் (நீர் வடியச் சுவரில் விடும் துளை) அதன் பின்னால் ஜல்லி வடிகட்டியும் அந்தத் துண்டோடேயே போட்டுவிட வேண்டும்.

குன்னூர்மேஸ்திரி:
துண்டு துண்டா வெட்டுறது சரி, அதுல வாதம் இல்லை. என் கட்சி இதுதான்: ஜூலைல தொடங்கவே வேண்டாம். மண் அள்ளுற இயந்திரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தோட அனுமதி வேணும், அதுவே உங்க பட்டியல்ல இல்லை. அது வராம ஜூலை 1-ன்னு எழுதினா முதல் பட்டையே காகிதத்துல மட்டும்தான். ஜனவரில வெட்டினா மேக்குள்ள கூரை போட்டுடலாம்.

ஃப்ளோட்சீரோ:
அனுமதியை முதல் பணியாகச் சேர்க்க வேண்டும் என்பது சரி. ஜூலையை விட்டுவிட நான் தயாரில்லை. ஆனால் ஒரு தேதியைக் கட்டாயமாக்குங்கள்: ஆகஸ்ட் 7-க்குள் தடுப்புச் சுவர் முடியாவிட்டால் கூரைத் தேதி செப்டம்பரைத் தாண்டும். அப்போது சுவரையும் வடிகாலையும் மட்டும் முடித்துவிட்டு அஸ்திவாரத்தை ஜனவரிக்கு ஒத்திவையுங்கள்.