பேராசிரியர் ஓய்வு பெறுகிறார், ஃப்ரீசரில் உள்ள நுண்ணுயிர் ஸ்ட்ரெயின்களை என்ன செய்வது?

ஜெலுத்தோங் மீனா:
பினாங்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். எங்கள் பேராசிரியர் வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவர் சேர்த்த பாக்டீரியா, ஈஸ்ட் ஸ்ட்ரெயின்கள், அதாவது தனித்தனியாகப் பிரித்தெடுத்த வகைகள், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில், உறைந்தாலும் சாகாமல் காக்கும் கிளிசராலோடு கிடக்கின்றன. தெம்போயாக் (புளித்த டுரியான்), தாப்பாய் (புளித்த சோறு அல்லது மரவள்ளி), தோசை மாவு, கெடா தோட்டத்துக் கள் என்று எல்லாவற்றிலிருந்தும் எடுத்தவை. பாதிக் குப்பிகளில் மார்க்கர் எழுத்து அழிந்துவிட்டது. ஒன்றில் 'பாலிக் பூலாவ், வாசனை பிரமாதம்' என்பதைத் தவிர வேறு தகவலே இல்லை! அடுத்து வருபவருக்கு இடம் வேண்டுமாம், ஆட்டோகிளேவில் போட்டு நீராவியில் கொன்றுவிடச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. யாராவது எடுத்துக்கொள்வார்களா?

செர்டாங் குமரன்:
அவசரப்படாதீர்கள் மீனா. நுண்ணுயிர்ச் சேகரிப்பு ஒன்றில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், மொத்தமாகக் கொடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். எதிலிருந்து, எந்த ஊரில், எப்போது எடுத்தது என்ற விவரம் உள்ள குப்பிகளை முதலில் பிரியுங்கள். விவரம் நோட்டில் இல்லையென்றால் சாரின் தலையில் இருக்கும். அவர் கிளம்புவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். அப்புறம் வளர்ப்புத் தட்டில் கோடிழுத்து வளர்த்து, கலப்பில்லை என்று பார்த்துவிட்டு, எந்தப் பாக்டீரியா என்று காட்டும் 16எஸ் மரபணுவின் வரிசையை எடுங்கள். ஈஸ்ட்டுக்கு அது உதவாது, ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியைப் பார்க்க வேண்டும். முக்கியமானவற்றைக் கொழுப்பு நீக்கிய பாலில் கலந்து, உறையவைத்து உலர்த்தி, ஆம்பூல் என்ற சிறு கண்ணாடிக் குப்பியில் அடைத்துவிட்டால் கரண்ட் போனாலும் கவலையில்லை.

செர்டாங்கில் உள்ள யூபிஎம் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிர்ச் சேகரிப்புப் பிரிவு இருக்கிறது, அரசின் வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டியிடமும் கேட்கலாம். 2017ஆம் ஆண்டின் உயிரியல் வளச் சட்டத்துக்கு என்ன தாள்கள் வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தெம்போயாக் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2005இல் மலேசியத் தெம்போயாக்கிலிருந்து ஒரு புதிய பாக்டீரியா இனத்தை விவரித்தார்கள், லூக்கோநாஸ்டாக் டூரியோனிஸ். 2008இல் அதன் பேரினப் பெயர் ஃப்ருக்டோபாசிலஸ் என்று மாறியது. பாக்டீரியாவின் புதுப் பெயர் செல்லுபடியாக, அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரி ஸ்ட்ரெயினை இரண்டு நாடுகளின் சேகரிப்புகளில் வைக்க வேண்டும் என்பது விதி. நம் டுரியான் கிருமியை பெல்ஜியத்தின் கெண்ட்டிலும் சுவீடனின் கோதன்பர்க்கிலும் வைத்தார்கள். அவர்கள் திருடினார்கள் என்று நான் சொல்லவில்லை, ஒழுங்காகக் காப்பாற்றுகிறார்கள். அந்த இரண்டில் ஒன்றாவது இங்கே இருந்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

பாயான் லெப்பாஸ் ராஜா:
ஜீனோமை, அதாவது முழு டிஎன்ஏ வரிசையை, படித்துக் கணினியில் போட்டுவிட்டால் போதாதா அண்ணே? ஃப்ரீசர் செலவாவது மிச்சமாகுமே.

செர்டாங் குமரன்:
கோப்பை வைத்துத் தெம்போயாக்கைப் புளிக்கவைக்க முடியாதே தம்பி! 1966இல் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கிடைத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவை அமெரிக்கச் சேகரிப்பான ஏடிசிசியில் கொடுத்து வைத்தார்கள். எதற்கு உதவும் என்று அன்று யாருக்கும் தெரியாது. பிற்பாடு, டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆருக்கு வேண்டிய டாக் நொதி அதிலிருந்துதான் வந்தது. கோவிட் சமயத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்தார்களே, அதே பிசிஆர்தான்.

செலவும் ஃப்ரீசரால் மட்டும் வருவதில்லை. ஆராய்ச்சி மானியம் இரண்டு மூன்று வருடத்தில் முடிந்துவிடும். அப்புறம் ஆம்பூலை அவ்வப்போது உடைத்து உயிர் இருக்கிறதா என்று பார்க்கவும், பெயர் மாறினால் பட்டியலைத் திருத்தவும் சம்பளத்துக்கு ஆள் வேண்டும். தேசிய வளம் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தச் சம்பளத்துக்கு நிரந்தர ஒதுக்கீடு தரட்டும்.

மீனா, துறைத் தலைவருக்கு இன்றே ஒரு கடிதம் போட்டு ஆறு மாத அவகாசம் கேளுங்கள். குப்பிப் பட்டியலை இணைத்து அனுப்புங்கள், வாய்ப்பேச்சை யாரும் மதிக்க மாட்டார்கள்.