ஏற்காடு வீட்டுக்கு காஷ்மீர் கம்பளமா, ஜமுக்காளமா? ஈரத்துக்கு எது தாங்கும்?

மலைவீடு

ஏற்காட்டுல பழைய எஸ்டேட் வீடு ஒண்ணை ஹோம்ஸ்டேவா மாத்துறோம். ஹால் 14க்கு 18 அடி, ரெண்டு படுக்கையறை. எல்லாமே சிவப்பு ஆக்சைடு தரை. ஐப்பசி, கார்த்திகையில ஜன்னலைத் திறந்தா பனிமூட்டம் உள்ளயே வந்துடும். தரைக்கு கையால செஞ்ச விரிப்புதான் போடணும்னு ஆசை.

ஒரு கடையில "காஷ்மீர் பட்டுக் கம்பளம், கை முடிச்சு, 324 முடிச்சு"ன்னு 4க்கு 6 அடி சைஸுக்கு 12,000 ரூபாய் சொல்றாங்க. நம்பலாமா? இல்ல பவானி ஜமுக்காளம் போதுமா? ரூம்ல நிரந்தரமா கிடக்கிற மாதிரி வேணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முடிச்சுக்கணக்கு

முதல்ல கணக்கைப் போட்டுடுவோம். 324ன்னா சதுர அங்குலத்துக்கு 18க்கு 18 முடிச்சு. 4க்கு 6 அடின்னா 3,456 சதுர அங்குலம். மொத்தம் 11 லட்சத்து 19 ஆயிரத்துச் சொச்சம் முடிச்சு. கை தேர்ந்தவர் நாளைக்கு 7,000 முடிச்சு போடுறார்னு வெச்சாலும் ஒரு ஆளுக்கு 160 நாள் வேலை. 12,000ஐ 160ஆல வகுத்தா நாளுக்கு 75 ரூபாய். அந்த 75க்குள்ளதான் பட்டு நூல், சாயம், கழுவுற கூலி, லாரி வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்கணும். நடக்கிற காரியமா?

அநேகமா அது மெஷின்ல நெய்த விஸ்கோஸா (மரக்கூழ்ல இருந்து எடுக்கிற செயற்கை இழை) இருக்கும், இல்லைன்னா டஃப்டடா இருக்கும். புரட்டிப் போட்டா பாதி தெரிஞ்சுடும். முதுகுல முழுசா துணி ஒட்டியிருந்தா டஃப்டட். அதுல முடிச்சே கிடையாது. துப்பாக்கி மாதிரி இருக்கிற ஒரு கைக்கருவியால இழையைத் துணிக்குள்ள குத்தி, பின்னாடி லேடெக்ஸ் பூசி, மேல இன்னொரு துணி ஒட்டியிருப்பாங்க. கையால செஞ்சதுன்னு சொல்றது பொய்யில்ல, கை முடிச்சுன்னு சொல்றதுதான் பொய்.

நிஜ முடிச்சுக் கம்பளத்துல டிசைன் முதுகுலயும் அப்படியே தெரியும். குஞ்சம்ங்கிறது பாவு நூலோட, அதாவது நெடுக்க ஓடுற அடி நூலோட நுனிதான், தனியா தச்சு வெச்சிருக்கக் கூடாது. முடிச்சு எண்ணணும்னா முதுகுல ஸ்கேலை வெச்சு ஒரு அங்குலத்துக்கு குறுக்கயும் நெடுக்கயும் எண்ணிப் பெருக்குங்க. ஒண்ணு கவனிக்கணும்: ஒவ்வொரு நிறமும் எப்பவும் ஜோடி ஜோடியா, பக்கத்துல பக்கத்துல ரெண்டு புள்ளியா வந்தா அந்த ஜோடி ஒரு முடிச்சுதான். ரெண்டா எண்ணி 150ஐ 300ன்னு சொல்லி விக்கிறதும் உண்டு.

பட்டான்னு பார்க்க முகத்துப் பக்கம், அதாவது மேல் பக்கம், ரெண்டு இழை எடுத்துக் கொளுத்துங்க. குஞ்சத்துல எடுக்காதீங்க, பட்டுக் கம்பளத்துக்கும் பாவு பருத்தியா இருக்கிறது சகஜம். முடி கருகுற வாடை வந்து, சாம்பல் உருண்டையா நின்னு, நசுக்கினா பொடியானா பட்டு. காகிதம் எரியற வாடைன்னா விஸ்கோஸ். "பேம்பூ சில்க்"னு சொல்றதும் விஸ்கோஸ்தான். விஸ்கோஸ் நனைஞ்சா பலம் பாதிக்குப் பாதி போயிடும். ஏற்காட்டுக்கு அதைவிட மோசமான இழை எதுவுமில்ல.

அடிப்பாவு

விலை, முடிச்சு எல்லாம் இருக்கட்டும். உங்க ஊருக்கு மொதல் கேள்வி தரைதான். ரெண்டடிக்கு ரெண்டடி பாலிதீன் ஷீட்டை தரையில விரிச்சு நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு ராத்திரி ஒரு பகல் விடுங்க. எடுத்துப் பார்க்கும்போது அடியில நீர் முத்து நின்னா, இல்ல அந்த இடம் மட்டும் நிறம் கருத்திருந்தா, ஈரம் மண்ணுல இருந்து மேல வருது. அந்த ரூம்ல எந்த விரிப்பையும் நிரந்தரமாப் போடாதீங்க.

காரணம் இதுதான். கம்பளி தன் எடையில 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை உள்ள வாங்கும், தொட்டா தெரியாது. மேல காய்ஞ்ச மாதிரி இருக்கும், அடியில பருத்திப் பாவு நாள் கணக்கா நனைஞ்சே கிடக்கும். பூஞ்சைக்குக் கம்பளியை விட பருத்தி மேல ஆசை அதிகம். முகம் புதுசா இருக்கும்போதே அடிப்பாவு இத்துப் போறது இப்படித்தான். இத்த பாவை மறுபடி பலப்படுத்த வழி கிடையாது.

ஃபோம் ஷீட், ரப்பர் ஷீட் எதுவும் அடியில போடாதீங்க, ஈரம் வெளிய போக வழியில்லாம அங்கயே நிக்கும். வலை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கிற வழுக்காத விரிப்பு போட்டா காத்து கொஞ்சம் ஓடும். சுவர் ஓரத்துல ஒன்றரை அடி விடுங்க. பழைய எஸ்டேட் வீட்டுல தரையை விட சுவர்தான் அதிகம் வேர்க்கும். 14க்கு 18 ஹாலை முழுசா மூடாம 6க்கு 9ல ரெண்டு போட்டீங்கன்னா தூக்கவும் சுலபம், ஒண்ணு காயும்போது இன்னொண்ணு கிடக்கும்.

குழித்தறி

மேல ரெண்டு பேரும் சொன்னதுக்கு அப்புறம் ஜமுக்காளம்தான் மிச்சம். ஆனா "நிரந்தரமா கிடக்கணும்"னு சொன்னீங்களே, அதை மாத்திக்குங்க. ஜமுக்காளம் விரிச்சு, உக்காந்து, உதறி, மடிச்சு வைக்கிறதுக்காகவே நெய்யறது. கல்யாண மண்டபத்துல பந்தி முடிஞ்சதும் உதறிச் சுருட்டுறதைப் பார்த்திருப்பீங்க. வாரக்கணக்கா தரையோட ஒட்டிக் கிடந்தா அதுவும் பருத்திதான், அதே பூஞ்சைதான். நல்ல விஷயம் என்னன்னா, முடி (மேல நிக்கிற இழை) இல்லாத தட்டை நெசவுங்கிறதால மத்தியானம் கொடியில போட்டா சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும். தடிச்ச கம்பளத்துக்கு அது முடியாது.

சேலத்துல இருந்து சங்ககிரி, குமாரபாளையம் தாண்டினா பவானி. நேர்லயே போய் எடுங்க. புவிசார் குறியீடு 2005-06லயே பதிவாயிருக்கு. ஜமுக்காளம் நெய்யறதை கைத்தறிக்குன்னே ஒதுக்கின 1985ஆம் வருஷச் சட்டமும் இருக்கு. இருந்தும் விசைத்தறிச் சரக்கு அதே பேர்ல வந்துக்கிட்டேதான் இருக்கு. கைத்தறி முத்திரை கேளுங்க. முத்திரையோட ஓரத்தையும் பாருங்க. கைத்தறியில துணி அகலம் சுருங்காம இருக்க ஊசி வெச்ச குச்சியைக் குறுக்கே குத்தி, நெய்ய நெய்ய நகர்த்திக்கிட்டே போவாங்க. அந்த ஊசித் தடம் விட்டு விட்டு, இடைவெளி முன்னபின்ன இருக்கும். விசைத்தறியில அது ஒரே சீரா தொடர்ந்து ஓடும். அகலமான ஜமுக்காளத்துல ஒரே தறியில ரெண்டு பேர் பக்கத்துல உக்காந்து நாடாவை (குறுக்கு நூலைக் கொண்டு போற ஓடம்) கைமாத்துவாங்க, அதனால ஊடை அடி, அதாவது குறுக்கு நூலை நெருக்கி அடிக்கிறது, லேசா ஏறி இறங்கி இருக்கிறது குறையில்ல.

வாங்குறப்போ வெளிச்சத்துக்கு எதிரா தூக்கிப் பிடிங்க. ஊசி ஊசியா வெளிச்சம் வந்தா ஊடையைச் சரியா நெருக்கி அடிக்கல. ரெண்டு எதிர் மூலையைப் பிடிச்சு இழுத்தா கோணிக்கிட்டு அப்படியே நின்னாலும் வேண்டாம். வெள்ளைத் துணியை நனைச்சு சிவப்புக் கோட்டுல அரை நிமிஷம் அழுத்திப் பாருங்க. லேசா ஒட்டினா தனியாத் துவைச்சுச் சமாளிக்கலாம், துணி செவந்தே போனா விட்டுடுங்க. உப்புத் தண்ணியில ஊற வெச்சா சாயம் நிக்கும்னு சொல்வாங்க, அது அந்த நேரத்துக்குச் சாயம் இறங்குறதைக் கொஞ்சம் குறைக்கும், நிரந்தரமாப் பிடிக்க வைக்காது. முதல் துவைப்புல கொஞ்சம் சுருங்கும், அளவை அரையடி கூடவே வாங்குங்க.

மலைவீடு

ரொம்ப நன்றிங்க. கடையில போய்ப் புரட்டினேன், முதுகுல துணி ஒட்டித்தான் இருக்கு. இழை எடுக்க விடல. அதை விட்டாச்சு.

இன்னொண்ணு. வீட்டோடவே ஒரு பழைய கம்பளி முடிச்சுக் கம்பளம் வந்துச்சு, கட்டிலுக்கு அடியில பாதி கிடந்தது. முதுகுல முடிச்சு தெரியுது, அழகா இருக்கு. ஆனா ஒரு மூலையை மடக்கினா சட் சட்னு சத்தம் வருது. கட்டிலுக்கு அடியில இருந்த பக்கம் முடி திட்டுத் திட்டா இல்ல. கழுவக் கொடுக்கலாமா?

அடிப்பாவு

கழுவக் கொடுக்காதீங்க! அந்தச் சத்தம் பாவு நூல் அறுபடுற சத்தம். இனிமே அந்த மூலையை மடக்கவும் வேண்டாம். தண்ணியில போட்டா எடை தாங்காம அங்கங்க கிழியும். எதுவரைக்கும் இத்திருக்குன்னு பார்க்க, மத்த இடத்துல மடக்காம, கட்டை விரலால முதுகுல மெதுவா அழுத்துங்க. விறைப்பா, காகிதம் மாதிரி இருந்தா அங்கயும் போச்சு, துணி மாதிரி வளைஞ்சு கொடுத்தா பரவால்ல. மூலை மட்டும்னா பழுது பாக்குறவங்க புதுப் பாவு கோத்து மறுபடி முடிச்சுப் போடுவாங்க. நடுவுலயும் பரவியிருந்தா முதுகுல முழுசா கெட்டிப் பருத்தித் துணி வெச்சுக் கையால தச்சு, திண்ணைப் பலகை மேலயோ கட்டில் மேலயோ போட்டுக்கலாம். பசை போட்டு ஒட்டாதீங்க. சுவர்ல தொங்கவும் விடாதீங்க.

முடிச்சுக்கணக்கு

முடி போன இடம் பூச்சி வேலை. இருட்டா, யாரும் நடமாடாத இடத்துலதான் முட்டை வைக்கும். வேப்பிலை, மிளகு எல்லாம் போட்டா முட்டை சாகாது. இத்துப்போனதை உதறவும் கூடாது, அதனால தரையில பரப்பி வெச்சு வாக்குவம் குழாயை மட்டும், சுழல்ற பிரஷ் இல்லாம, முன்பக்கமும் பின்பக்கமும் பிடிங்க. சின்னதா இருந்தா பாலிதீன்ல காத்துப் போகாம இறுக்கமாக் கட்டி, மைனஸ் 18 டிகிரி டீப் ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைக்கலாம். மீன் கடை, ஐஸ்கிரீம் கடை வெச்சிருக்கிறவங்களைக் கேளுங்க. எடுத்ததும் பிரிச்சுடாதீங்க. ஒரு நாள் முழுக்க கவரோடயே ரூம் சூட்டுக்கு வரணும், இல்லைன்னா வெளிக்காத்து ஈரம் மொத்தமும் கம்பளத்து மேல வேர்த்து நிக்கும். பெருசா இருந்தா பங்குனி, சித்திரையில மலைப்பாதை வளைவு இறங்கி சேலத்துக்குக் கொண்டு போய், காலை வெயில்ல முதுகுப் பக்கம் மேலே இருக்கிற மாதிரி தினம் ரெண்டு மணி நேரம், ஒரு வாரம் காய வைங்க. உச்சி வெயில் வேண்டாம், சாயம் வெளுத்துடும்.