மறு: சைபர் ஸ்குவாட்டிங்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். அடுத்தவர் பெயரையோ வணிகக்குறியையோ இணைய முகவரியாக முந்திக்கொண்டு பதிந்து வைப்பதைத்தான் சைபர் ஸ்குவாட்டிங் என்கிறார்கள்.

> ‘பெயர்ப்பதுக்கல்’ என்றே வைத்துவிடலாமே. அரிசியைப் பதுக்கி, விலை ஏறியதும் விற்பது போலத்தான் இதுவும்.

எனக்கும் முதலில் அதுதான் வாயில் வந்தது. இங்கே பெங்களூரு அல்சூரில் தெரிந்தவர் ஒருவர் மெஸ் நடத்துகிறார். தன் தளத்தின் களப்பெயரை (டொமைன் நேம்) புதுப்பிக்க மறந்துவிட்டு, நாலு மாதம் கழித்து விழித்துக்கொண்டார். டாட் காம் பெயர் நீக்கப்பட்ட பிறகும் பழைய உரிமையாளருக்கு 30 நாள் மீட்புக்காலம் உண்டு. அதுவும் போய்விட்டது. யாரோ எடுத்து வைத்துக்கொண்டு எண்பதாயிரம் கேட்டார். அச்சு அசல் பதுக்கல்.

ஆனால் எல்லா வழக்கும் அப்படியில்லை. எங்கள் ஊர் சிவில் நீதிமன்றத்தில் தொடங்கிய சிஃபி வழக்கையே பாருங்கள். சத்யம் இன்ஃபோவே என்ற இணைய நிறுவனம் 1999இல் தன் பெயரைச் சுருக்கிய ‘சிஃபி’யை வைத்துக் களப்பெயர்கள் பதிந்தது. 2001இல் வேறொரு நிறுவனம் ஒரு ‘எஃப்’ கூடுதலாகப் போட்டு ‘சிஃபிநெட்’ என்று பதிந்தது. கேட்டால், எங்கள் நிறுவனர்கள் ஐந்து பேரின் முதலெழுத்து என்றார்கள்! கீழ்நீதிமன்றம் தடை கொடுத்தது, கர்நாடக உயர்நீதிமன்றம் விலக்கியது, 2004இல் உச்சநீதிமன்றம் திரும்பவும் தடை போட்டது. களப்பெயருக்கென்று நம் நாட்டில் தனிச்சட்டம் இல்லாவிட்டாலும், வணிகக்குறிக்கு உள்ள ‘பாசிங் ஆஃப்’ பாதுகாப்பு (தன் சரக்கை அடுத்தவர் சரக்குபோலக் காட்டுவதைத் தடுப்பது) அதற்கும் உண்டு என்றானது அந்தத் தீர்ப்பில்தான். இதில் யாரும் எதையும் பதுக்கவில்லை. அடுத்தவர் பெயரின் நிழலில் கடை விரித்தார்கள், அவ்வளவுதான். அதோடு, பதுக்குகிறவர் பதுக்குவது தன் காசில் வாங்கிய அரிசி. இங்கே பெயரே அடுத்தவருடையது.

> அப்படியானால் ‘அபகரிப்பு’?

அதை ஹைஜாக்கிங்குக்கு விட்டுவைப்போம். கடவுச்சொல்லைத் திருடி, என் பெயரில் உள்ளதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது அபகரிப்பு. நான் பதியாமல் விட்டதை முந்திக்கொண்டு பதிவது வேறு.

நான் சொல்ல வருவது ‘பெயர்வளைப்பு’. புறம்போக்கை வளைத்துப் போட்டான் என்கிறோம் இல்லையா, அந்த வளைப்பு. பெங்களூருவில் ஏரியை வளைப்பதற்குக் கன்னடத்தில் ‘ஒத்துவரி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பேப்பரைத் திறந்தால் அதுதான் கண்ணில் படும், நமக்கும் பழகிவிட்டது. வளைப்பில் இன்னொரு வசதி, வினையாகவும் வரும்: ‘பெயரை வளைத்துப் போட்டார்’. செய்கிறவர் வளைப்பாளர். ஓரெழுத்தை மாற்றிப் பதிவது பிழைவளைப்பு. ஸ்குவாட்டிங் என்றால் குந்துவது என்றும் பொருள் என்பதால், ‘இணையவெளிக் குந்துகை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு முட்டிதான் வலித்தது, மன்னிக்கவும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. களப்பெயர்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 1999இல் கொண்டுவந்த தகராறு விதிகளின்படி, புகார் தருபவர் மூன்றையும் நிறுவ வேண்டும்: பெயர் தன் குறியோடு குழப்பும் அளவு ஒத்திருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார். வென்றால் பெயர் கைமாறும் அல்லது ரத்தாகும், நஷ்டஈடு கிடையாது. ஆக, முருகன் என்று பெயர் உள்ளவர் தன் பெயரைப் பதிந்தால் அது வளைப்பல்ல. ஆனால் பெரிய கம்பெனி ஒன்று அவரிடமிருந்து அதைப் பறிக்கவே பொய்யாகப் புகார் கொடுத்தால்? அதற்கும் அந்த விதிகளில் ‘ரிவர்ஸ் டொமைன் நேம் ஹைஜாக்கிங்’ என்று தனிப்பெயர் இருக்கிறது. ‘தலைகீழ் அபகரிப்பு’ என்று போட்டு வைத்திருக்கிறேன், காதுக்கு ஒட்டவில்லை. வழக்கறிஞர் நண்பர்கள் யாராவது கைகொடுங்கள்.